திருகோணமலை வெயிலில் வீட்டுப் பசுமைக்குடில்: செடி காட்டும் குறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

குளிர்நாட்டில் பசுமைக்குடில் கட்டுவது சூட்டைப் பிடித்து வைக்க. திருகோணமலையில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. மாரி மழை செடியின் தலையில் கொட்டாமல் இருக்கவும், கோடையில் பூச்சி உள்ளே வராமல் இருக்கவும்தான் இங்கே நாம் குடில் கட்டுகிறோம். இதை மறந்துவிட்டால் மற்றதெல்லாம் பிழையாகிப்போகும். எனக்குப் பிழையானது. 2022 இல் காய்கறி விலை கைக்கெட்டாமல் போனபோது, உப்புவெளி வளவில் 10 அடிக்கு 20 அடி அளவில் ஒரு குடில் போட்டோம். படத்தில் பார்த்தபடியே நாலு பக்கமும் பொலித்தீனால் மூடினேன். மே மாதம் ஒரு மத்தியானம் உள்ளே போனபோது, கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரை முகத்தில் ஊற்றினது போல இருந்தது. வெப்பமானி 43 பாகை காட்டியது. வெளியே 34 தான்.

செடிக்கு மருந்து தேடி நான் மருந்துக்கடைக்கும் வீட்டுக்கும் நடந்து திரிந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு ஐயா ஒருநாள் வேலிக்கு அப்பால் நின்று, "பிள்ளை, இதுக்கு மருந்து வேண்டாம். மூச்சு விட விடுங்கோ" என்றார். அவருடைய சொல்தான் கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இங்கே குடிலுக்குள் நோய் என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு காற்று, தண்ணீர், உப்பு ஆகிய மூன்றின் கோளாறுதான். ஆகவே என்ன குறி தெரிந்தாலும் முதலில் மூன்றைப் பாருங்கள். செடியின் உயரத்தில் நிழலாகத் தொங்கவிட்ட வெப்பமானி பகல் 2 மணிக்கு என்ன காட்டுகிறது? செடி நட்ட பையைத் தூக்கினால் கனமா, இலேசா? கிணற்றுத் தண்ணீரின் உப்பு எவ்வளவு? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு கீழே உள்ள குறிகளுக்கு வாருங்கள்.

மத்தியானம் செடி தலை தொங்குகிறது

பின்னேரம் 6 மணிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். நிமிர்ந்து நின்றால் அது நோயில்லை. வேர் குடிக்கிற வேகத்தைவிட இலை விடுகிற வேகம் கூடிவிட்டது, அவ்வளவுதான். பக்கச் சுவர்ப் பொலித்தீனை மேலே சுருட்டிக் கட்டி, அந்த இடத்துக்குப் பூச்சி வலை போடுங்கள். கூரை முகட்டிலும் ஒரு திறப்பு வேண்டும். சூடான காற்று மேலே ஏறுவது, அதற்குப் போக வழி வேண்டாமா? திறப்புகள் எல்லாம் சேர்ந்து தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது இருந்தால் நல்லது. மே முதல் ஆகஸ்ட் வரை 50 சதவீத நிழல்வலை கூரைக்கு மேலே போதும். வலையைப் பொலித்தீனுக்கு உட்புறம் கட்டினால் சூடு உள்ளே வந்த பிறகுதான் அதைத் தடுக்கிறோம், அதில் பயன் குறைவு.

பின்னேரமும் நிமிரவில்லை என்றால் பையைத் தூக்கிப் பாருங்கள். இலேசாக இருந்தால் தாகம். காய்க்கிற தக்காளிச் செடி ஒன்று கோடையில் ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை குடிக்கும். ஒரே தடவையில் ஊற்றினால் பாதி கீழே ஓடிவிடும். விடிய, 11 மணிக்கு, 3 மணிக்கு என்று பிரித்து ஊற்றுங்கள்.

பை கனமாக இருந்தும் செடி தொங்கினால் கவனம் தேவை. பலர் இந்த இடத்தில்தான் இன்னும் ஒரு வாளி ஊற்றிச் செடியைக் கொல்கிறார்கள். ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவுங்கள். வேர் பழுப்பாகி, தோல் உருவினாற்போல் கையோடு வந்தால் அது அழுகல். வடிகால் துளை அடைபட்டிருக்கும், அல்லது தண்ணீர் மிஞ்சியிருக்கும். வேரில் மணி கோத்தாற்போல் முடிச்சு முடிச்சாக இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அந்த மண்ணை மறுபடி பாவிக்க வேண்டாம்.

வேர் வெள்ளையாக நன்றாக இருக்கிறது, இலையும் பச்சை மாறவில்லை, ஆனாலும் செடி இரண்டு மூன்று நாளில் துவண்டு விழுகிறது என்றால் பற்றீரியா வாடல் என்று சந்தேகப்படுங்கள். இதை உறுதி செய்ய ஆய்வுகூடம் தேவையில்லை. அடித்தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டைக் கூர்மையான கத்தியால் வெட்டுங்கள். கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் மட்டும் தண்ணீரில் படும்படி துண்டைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள். கையை ஆட்டக்கூடாது. ஐந்து நிமிடத்துக்குள் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல ஒன்று மெல்ல இறங்கி, ஊதுபத்திப் புகை தலைகீழாகப் போவது போல நெளியும். அது வந்தால் அந்தச் செடிக்கு வைத்தியம் கிடையாது. யார் எந்தப் போத்தலைக் காட்டினாலும் வாங்காதீர்கள். பையோடு தூக்கிக் குடிலுக்கு வெளியே கொண்டுபோய் அழியுங்கள். கத்தியைக் கழுவி நெருப்பில் காட்டுங்கள். அந்தச் செடியிலிருந்து வடிந்த தண்ணீர் மற்றப் பைகளுக்குப் போகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் நோய் தண்ணீரோடு நடக்கும். தரையில் நட்டிருந்தால் அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் சில வருடங்களுக்கு வேண்டாம். வெண்டி, பயற்றை போடலாம். தக்காளியை விடவே முடியாது என்கிறவர்கள் சுண்டங்கத்தரி அல்லது நோய் தாங்கும் கத்தரி அடிக்கட்டையில் ஒட்டின கன்று தேடுங்கள். எனக்கு முதல் வருடம் பதினாறு செடி இப்படிப் போனது. ஒட்டுக்கன்று நட்ட பிறகுதான் அந்த மூலையில் தக்காளிப் பழம் பார்த்தேன்.

பூக்கிறது, ஆனால் காய் பிடிக்கவில்லை

எது பூக்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

தக்காளியும் கறிமிளகாயும் பூவைக் காம்போடு உதிர்த்தால் முதல் காரணம் சூடு. பகலில் 32 பாகைக்கு மேல் போகப்போகத் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கும். இரவும் சூடாக இருந்தால் இன்னும் மோசம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும் நாட்களில் நம் ஊரில் இரவிலும் வேர்க்கிறதே, அந்த இரவு செடிக்கும் இரவில்லை. ஆகவே காலத்தைத்தான் மாற்ற வேண்டும். ஒக்டோபரில் விதை போட்டு, நவம்பரில் நட்டால் மார்கழி, தையில் பூக்கும். வெளியில் நட்ட தக்காளி அந்த மழையில் நிற்காது, குடிலுக்குள் நிற்கும். இங்கே குடில் போட்ட காசு திரும்பி வருவது இந்த மாதங்களில்தான். கோடையில் அதே இடத்தில் வெண்டி, கத்தரி, கீரை, பயற்றை போடுங்கள். அவை இந்த மண்ணின் பிள்ளைகள், வெயிலுக்குப் பயப்படாது.

மார்கழியில் சூடு இல்லாமலும் பூ கொட்டுகிறதா? அப்படியானால் காற்றும் தேனீயும் உள்ளே வரவில்லை. தக்காளிப் பூவுக்குள்ளேயே ஆணும் பெண்ணும் இருக்கிறது, அதை உலுக்க ஆள் இல்லை என்பதுதான் குறை. காலை 9 முதல் 11 மணிக்குள் செடி கட்டிய கயிற்றை விரலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். தினமும் வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். மழை பெய்து காற்று ஈரமாக இருக்கும் நாளில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு உதிராது. அன்றைக்கு வெயில் எட்டிப்பார்க்கும் வரை பொறுத்துத் தட்டுங்கள்.

கொடி வகைகளில் முதலில் பூப்பது பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிர்ந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. பெண் பூவின் பின்னால் சின்னக் காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிஞ்சு மஞ்சளாகிச் சூம்பி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். பூச்சி வலை போட்டவர்கள் கையால்தான் சேர்க்க வேண்டும். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தேயுங்கள். பூசணி, பாகல், வெள்ளரிக்கு விடிந்து 9 மணிக்குள் இதைச் செய்யலாம். புடோல் அப்படி அல்ல. புடோல் பூ பொழுது பட்ட பிறகுதான் வெள்ளை நூல் நூலாக விரியும். பீர்க்கும் பின்னேரப் பூ. என் தங்கச்சி ஒரு மாதம் முழுக்கக் காலையில் போய்ப் புடோல் பூவைத் தேடி, "ஒண்டும் விரியுதில்லை அக்கா" என்று கவலைப்பட்டாள். இரவு 7 மணிக்குக் கைவிளக்கோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். குடில் முழுக்க மணம்.

சலாட் வெள்ளரியில் மகரந்தம் இல்லாமலே காய்க்கும் இனங்கள் உண்டு. குடிலுக்கு விதை வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள், பாதி வேலை மிச்சம்.

இலை ஓரம் கருகுகிறது, பையின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு

கடலோரத்துக் கிணறு வைத்திருக்கிற எல்லோரும் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கம் ஆவணி, புரட்டாதியில் கிணறு இறங்க இறங்கத் தண்ணீர் கரிக்கத் தொடங்கும். நாக்குக்குத் தெரிவதற்கு முன்பே செடிக்குத் தெரியும்.

தண்ணீரின் உப்பை அளக்கும் சின்ன ஈசி மீற்றர் ஒன்று வாங்கினால் அது பல வருடம் உதவும். கிணற்றுத் தண்ணீர் 0.7 க்கு மேல் போனால் போஞ்சி விளைச்சல் குறையத் தொடங்கும். மிளகாய் வகைக்கு 1.0. தக்காளியும் வெள்ளரியும் 1.7 வரை தாங்கும். இவை மீற்றருக்கு டெசிசீமன்ஸ் கணக்கு. உங்கள் மீற்றர் மைக்ரோசீமன்ஸில் காட்டினால், அது சென்ரிமீற்றர்க் கணக்கு என்பதால், 1,000 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இது வெறும் தண்ணீரின் அளவு. உரம் கலந்தால் ஏறும், ஆகவே உரம் போடுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

பையில் ஏறிய உப்பைக் கழுவத்தான் வேண்டும். பையின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக, ஒரு மணி நேரம் எடுத்து ஊற்றி வடியவிடுங்கள். அதற்கு நல்ல தண்ணீர் எங்கே என்று கேட்பீர்கள். உங்கள் கூரையில் இருக்கிறது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 10 அடிக்கு 20 அடிக் குடிலின் பரப்பு ஏறக்குறைய 18 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழைக்கு 1,800 லீற்றர். நம் ஊரில் நவம்பர், டிசம்பர் ஒவ்வொன்றிலும் சராசரியாக 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. அத்தனையும் பொலித்தீனில் வழிந்து மணலுக்குள் போகிறது. கூரை ஓரத்தில் பாதியாகப் பிளந்த பிவிசி குழாய் கட்டி ஒரு தாங்கிக்கு விடுங்கள். நுளம்பு முட்டையிடாமல் வாயை வலையால் இறுக்கிக் கட்டுங்கள், டெங்கு வரும் காலம் அது. மழைத்தண்ணீர் கோடை முழுக்கக் காணாது. ஆனால் கிணற்றுத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் உப்பும் ஏறக்குறைய பாதியாகும்.

இன்னொன்று தும்புத்தூள். கழுவாத தும்புத்தூளில் உப்பு இருக்கும். வாங்கி வந்த அன்றே பையில் நிரப்பாமல், இரண்டு மூன்று தடவை ஊறவைத்து வடித்து, கடைசித் தண்ணீரை மீற்றரில் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

தக்காளியின் அடி கறுத்துத் தோல்போல் ஆகிறது

இது பூஞ்சணம் அல்ல, பூஞ்சண மருந்து கேட்காது. வளர்கிற காயின் நுனிக்குக் கல்சியம் போய்ச் சேரவில்லை. மண்ணில் கல்சியம் இல்லாமலும் இருக்கலாம், ஆனால் அனேகமாக அது இருக்கும், கொண்டுபோகிற தண்ணீர்தான் ஒழுங்காகப் போகவில்லை. ஒரு நாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் வரும். உப்புத் தண்ணீரால் வரும். அல்பேட் கலவை என்ற கரைசல் உரத்தைச் சொன்ன அளவைவிடக் கெட்டியாகக் கரைத்தாலும் வரும். அடி கறுத்த காய்களைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தண்ணீரை நேரத்துக்குக் கொடுங்கள். அடுத்த கொத்து சரியாக வரும். முட்டைக்கோது போடலாம், தப்பில்லை, ஆனால் அது கரைய மாதக்கணக்காகும். இந்தப் போகத்துக்கு உதவாது. கல்சியம் நைத்திரேற்று கொடுப்பதென்றால் மற்ற உரத்தோடு ஒரே வாளியில் கெட்டியாகக் கலக்க வேண்டாம், சுண்ணாம்பு போல அடியில் படிந்துவிடும். ஒரு நாள் அது, ஒரு நாள் இது.

பழம் வெடிப்பதும் இதே தண்ணீர்க் குழப்பத்தால்தான்.

இலை சுருள்கிறது

எந்தப் பக்கம் சுருள்கிறது என்று முதலில் பாருங்கள். மிளகாயில் இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு படகு போல ஆனால் பனிப்பூச்சி. கீழ்நோக்கிச் சுருண்டு, இலைக்காம்பு நீண்டு, குருத்து தடித்து முரடானால் சிற்றுண்ணி. வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் குருத்தைத் தட்டுங்கள். கோடு கிழித்தாற்போல ஊர்ந்து போவது பனிப்பூச்சி. சிற்றுண்ணி கண்ணுக்குச் சிக்காது, கைப்பேசிக் கமராவைப் பெரிதாக்கினாலும் கடினம். சுருளின் திசையை நம்புங்கள்.

இது முக்கியம், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை. சிற்றுண்ணிக்குக் கந்தகத்தூள் கேட்கும், பூச்சிக்கு அடிக்கிற மருந்து பெரும்பாலும் கேட்காது. அதைவிட, அந்த மருந்து சிற்றுண்ணியைத் தின்கிற நல்ல பூச்சிகளைக் கொன்று நிலைமையை மோசமாக்கும். கந்தகத்தை 32 பாகைக்கு மேல் வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு கிழமைக்குள்ளும் அடிக்கக்கூடாது. கொடி வகைக்கு அடிப்பதென்றால் முதலில் ஓர் இலையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். பனிப்பூச்சிக்கு ஒரு லீற்றரில் 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், கொஞ்சம் சவர்க்காரக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்புறம் நனைய.

தக்காளியில் குருத்திலை சிறுத்து, மஞ்சளாகி, கிண்ணம் போல மேலே மடங்கிச் செடி குட்டையாக நின்றுவிட்டால் அது வைரசு. வெள்ளை ஈ கொண்டுவருகிறது. செடியைத் தொட்டால் மாவு பறந்தாற்போல எழும்பும். அந்தச் செடி இனிக் காய்க்காது. ஒரு பொலித்தீன் பையால் மூடி, ஈ பறந்து மற்றச் செடிக்குப் போகாதபடி வேரோடு எடுத்துவிடுங்கள். வலையில் ஓட்டை எங்கே என்று தேடுங்கள். பெரும்பாலும் வலையில் இருக்காது, கதவில் இருக்கும். ஓர் அங்குலத்துக்கு 40 கண் உள்ள வலை வெள்ளை ஈயைப் பெருமளவு தடுக்கும், ஆனால் காற்றையும் கொஞ்சம் தடுக்கும். ஆகவே நெருக்கமான வலை போட்டால் திறப்பை அகலமாக்குங்கள். அடிப்பக்க இலை மட்டும் பின்னேரத்தில் உள்நோக்கிச் சுருண்டு, பச்சை மாறாமல் இருந்தால் அது வெயிலுக்குச் செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்வது. விட்டுவிடுங்கள்.

இலை மஞ்சளாகிறது

கிழட்டு இலை முழுக்க வெளிறினால் நைதரசன் போதாது. கிழட்டு இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடை மஞ்சளானால் மக்னீசியம், லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு தெளிக்கலாம். குருத்திலை அப்படியானால் இரும்பு. நம் கடற்கரை மணலில் சிப்பித்தூள் கலந்திருப்பதால் மண் காரமாகி, இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது. அங்கே இன்னும் உரம் கொட்டுவது வீண். நன்றாக மக்கிய கூட்டெரு கலந்து மண்ணை மாற்றுங்கள்.

நாற்று அடியில் மெலிந்து சாய்கிறது. இலையில் சாம்பல் படிகிறது

நாற்று மேடையில் ஒரு வட்டமாகச் சாய்ந்து பரவினால் நாற்றழுகல். தண்ணீரைக் குறையுங்கள், நெருக்கத்தைக் கலையுங்கள், மேலே காய்ந்த மணலை மெல்லியதாகத் தூவுங்கள். அடுத்த தடவை விதைக்குமுன் மேடையில் வைக்கோலும் உமியும் அடுக்கி எரித்து மண்ணைச் சுடுங்கள். இதைக் குடிலுக்கு வெளியே செய்யுங்கள், பொலித்தீன் பக்கத்தில் நெருப்பு வேண்டாம். நாற்று நூல் போல நீண்டு சாய்ந்தால் அது நோயில்லை, வெளிச்சம் போதாது. ஒரு கடையில் எனக்கு 75 சதவீத நிழல்வலையைத் தந்து இதுதான் நல்லது என்றார்கள். கீரைக்கு நல்லதாக இருக்கலாம். தக்காளி நாற்று முழுவதும் கழுத்து நீண்டு விழுந்தது.

சாம்பல் நோய்க்கு இலை நனைய வேண்டியதில்லை, நிழலும் அசையாத காற்றும் போதும். அடியிலைகளைக் கழித்து இடைவெளி விடுங்கள். மாரியில் வெள்ளரி இலையில் நரம்புக்குள் அடங்கின கட்டம் கட்டமான மஞ்சள் புள்ளி வந்தால் அது வேறு, அடிச்சாம்பல். அதற்கு இலை நனைவதுதான் காரணம். கூரை ஒழுகுகிறதா, விடியற்காலையில் பொலித்தீனில் வியர்த்து இலையில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் பாதித்த இலையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு விவசாயத் திணைக்களத்தின் 1920 க்கு எடுங்கள், அல்லது இலையோடு கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள்.

பொலித்தீன் கிழிகிறது

எப்போதும் குழாயோடு ஒட்டிய கோட்டில்தான் கிழியும். வெயிலில் இரும்பு சுட்டு அந்த இடத்தைத் தின்கிறது. குழாய்க்கு வெள்ளைப் பெயின்ற் அடியுங்கள், அல்லது பழைய பொலித்தீன் நாடாவைச் சுற்றுங்கள். 200 மைக்கிரோன் தடிப்பில் வெயில் தாங்கும் வகைதான் வேண்டும். தொய்ந்து படபடக்கிற பொலித்தீன் ஆடிக்காற்றில் ஒரு கிழமை தாங்காது. பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டிக் கட்டினால் காற்றுக்கு இழுபட்டுக் கொடுத்து மறுபடி இறுகும்.

முகட்டுத் திறப்புக்கு நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. கச்சான் தென்மேற்கிலிருந்து வீசும், ஆகவே திறப்பை வடகிழக்குப் பார்த்து வைப்போம். வாடை தொடங்கியதும் மழை அதே திசையில் சாய்வாக வந்து உள்ளே விழும். திறப்புக்கு மேல் சுருட்டி இறக்கக்கூடிய ஒரு பொலித்தீன் மடிப்பு வைத்து, ஐப்பசியில் இறக்குங்கள். பக்கச் சுவர் வலையாகவே இருக்கட்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் பொலித்தீனை அவிழ்த்துவிடுங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரை கடந்ததை நாங்கள் எல்லோரும் விழித்திருந்து கேட்டோம். அந்த மாதிரிக் காற்றில் பொலித்தீன் பாயாகி, சட்டத்தையும் பிடுங்கிக்கொண்டு போகும். கூரை இல்லாத சட்டத்துக்குள் காற்று பூந்து போய்விடும். செடிகளைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துத் தரையோடு படுக்கவிட்டு, மேலே பழைய வலையைப் போட்டுக் கல் வையுங்கள். இரண்டு நாள் நனைந்தால் செடி சாகாது. மழை விட்டதும் நிமிர்த்திக் கட்டி, ஒடிந்ததை வெட்டிவிட்டு, பைகளின் வடிகால் துளைகளைக் குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்துவிடுங்கள்.